மருந்தடிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ: மாடித்தோட்டத்து வேட்டைப் பூச்சிகளை அடையாளம் கண்டுபிடிக்கறது எப்படி?

போன வருஷம் தை மாசம் எங்க மாடில செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. அதுக்கு நடுவுல வெள்ளையா நூல்நூலா தொங்கிட்டு கொஞ்சம் பெருசா சில இருந்துச்சு, இதுதான் தாய்ப்பூச்சி போலருக்குன்னு நெனச்சு பழைய டூத்பிரஷ்ஷ வச்சு ஒண்ணொண்ணா தேச்சு எடுத்து சோப்புத் தண்ணில போட்டேன். பூச்சி மருந்து வாங்கற கடைல போன்ல போட்டோ காட்டி கேட்டேன், அவங்களும் அது பெரிய மாவுப்பூச்சிதான், நல்லா நனையற மாதிரி அடிங்கன்னு சொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அது கிரிப்டோலேமஸ்ங்கற பொறிவண்டோட புழு. மாவுப்பூச்சிய தின்னே வளர்ற புழு. அத காசு குடுத்து வாங்கி தோட்டத்துல விடற விவசாயிங்க இருக்காங்க, எனக்கு தானா வந்துச்சு, நான் என் கையாலயே எடுத்து கொன்னேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

அதுக்கப்புறம் ஒரு வருஷமா செடில எத பாத்தாலும் முதல்ல போட்டோ, அப்புறம்தான் மத்ததுன்னு வச்சிருக்கேன். ஆரம்பத்துல எடுத்த நூத்துக்கணக்கான போட்டோ ஒண்ணுக்கும் உதவல, ஏன்னா எப்படி எடுத்தா அடையாளம் சொல்ல முடியும்னு எனக்கு தெரியல. நீங்க அந்த அலைச்சல் படாம இருக்கத்தான் இத வரிசையா எழுதறேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். வேளாண் புத்தகங்கள்ல வேட்டைப் பூச்சிங்கள "இரைவிழுங்கிகள்"னு போடுவாங்க. மத்த பூச்சிய நேரடியா புடிச்சு திங்கறது இரைவிழுங்கி, இன்னொரு பூச்சி உடம்புக்குள்ள முட்ட வச்சு அத கொல்றது ஒட்டுண்ணி. தேடும்போது இந்த ரெண்டு வார்த்தையும் ரொம்ப உதவும்.

1. என்னென்ன வேணும், எவ்ளோ செலவாகும்

கையில இருக்கற போன் போதும். பெரிய கேமரா வாங்கணும்னு யாராவது சொன்னா இப்போதைக்கு காதுல வாங்காதீங்க. போனோட கிளிப் மாதிரி மாட்டற, சின்னத பெருசா காட்டற மேக்ரோ லென்ஸ் ஒண்ணு வாங்குங்க, நான் வாங்கினது 450 ரூபா. "10எக்ஸ்", "15எக்ஸ்"னு போட்டிருக்கும், அது போதும். 60எக்ஸ் மைக்ரோஸ்கோப் கிளிப்னு ஒண்ணு விக்கறாங்க, அதயும் வாங்கி பாத்துட்டேன், கிட்டத்தட்ட பூச்சி மேல ஒட்ட வச்சாதான் போகஸ் ஆகும், உயிரோட ஓடற பூச்சிக்கு அது ஆகாது. மீன்கண் லென்ஸ், வைடு லென்ஸ் எல்லாம் சேத்து ஒரே செட்டா வர்றதும் வேண்டாம்.

சில போன்கள்ல "மேக்ரோ"ன்னே தனியா ஒரு சின்ன கேமரா இருக்கும், 2 மெகாபிக்சல்னு போட்டிருப்பாங்க. அதுல எடுத்தா பூச்சியோட காலே தெரியாது. மெயின் கேமரா மேல கிளிப் லென்ஸ மாட்டி எடுங்க. லென்ஸ் சரியா நடுவுல உக்காந்திருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, கொஞ்சம் நகந்தாலும் படத்துல ஒரு பக்கம் கலங்கிடும்.

மத்ததெல்லாம் வீட்லயே இருக்கும்: வெள்ளை ஏ4 பேப்பர் ரெண்டு, ஒரு சின்ன ஸ்கேல், மூடி உள்ள ஒளி ஊடுருவற பிளாஸ்டிக் டப்பா ரெண்டு மூணு, ஒரு நோட்டு. எல்லாம் சேத்து 600 ரூபா தாண்டாது.

2. எந்த நேரத்துல எடுக்கணும்

காலைல 6 மணிலேர்ந்து 8 மணிக்குள்ள. அந்த குளிர்ச்சில பூச்சிங்க மெதுவாத்தான் அசையும், காத்தும் குறைவா இருக்கும், வெயிலும் பளிச்சுன்னு அடிக்காது. 10 மணிக்கு மேல தட்டான கிட்ட நெருங்கவே முடியாது. பொறிவண்டு நல்லா பளபளன்னு மின்னும், வெயில்ல எடுத்தா முதுகுல வெள்ளையா ஒரு பொட்டு விழுந்து புள்ளி எதுன்னே தெரியாது, அந்த மாதிரி சமயத்துல வெயில் வர்ற பக்கம் ஒரு வெள்ளை பேப்பர குடை மாதிரி புடிச்சு நிழல் பண்ணிட்டு எடுங்க.

சீசன்னு பாத்தா மார்கழி, தை ரெண்டும் நல்லது. பனிக்கு அவரைல கருப்பா அசுவினி (செடிப்பேன்) அப்பும்ல, அது வந்து ஒரு வாரம் பத்து நாள்ல அத திங்கறவங்களும் வந்துடுவாங்க. மழைக்காலம் முடிஞ்ச கையோட எடுக்க ஆரம்பிங்க.

3. எங்க தேடணும்

தோட்டம் முழுக்க சுத்தாதீங்க. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எங்க கூட்டமா இருக்கோ அங்க உக்காருங்க. தட்டைப்பயறு கொடியோட நுனி, அவரைப் பூங்கொத்து, எருக்கு, செம்பருத்தி மொட்டு, கத்தரி இலையோட அடிப்பக்கம். இலையத் திருப்பி பாக்கறதுதான் பாதி வேல. நான் மொதல்ல மேல் பக்கத்த மட்டும் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னு எழுந்து போயிட்டிருந்தேன்.

எதுவும் கண்ணுல படலன்னா கிளைக்கு கீழ வெள்ளை பேப்பர புடிச்சுட்டு கிளைய ரெண்டு தட்டு தட்டுங்க. பேப்பர்ல விழறதுல எது வேகமா ஓடுதோ அத கவனிங்க. சாறு உறிஞ்சற பூச்சிங்க பொதுவா சோம்பலா இருக்கும், வேட்டையாடறதுங்கதான் ஓடும்.

எறும்பு நெறைய ஏறி இறங்கற கிளையா இருந்தா அங்க வேட்டைப் பூச்சி குறைவாத்தான் இருக்கும். அசுவினி விடற தேன் மாதிரி கழிவுக்காக எறும்பு அதுங்களுக்கு காவல் காக்கும், பொறிவண்ட விரட்டும். அந்த மாதிரி கிளைய விட்டுட்டு எறும்பு இல்லாத கிளைய பாருங்க.

4. ஒரு பூச்சிக்கு அஞ்சு போட்டோ

இதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. மேலேர்ந்து அழகா ஒரே ஒரு போட்டோ எடுத்து போட்டு "இது என்ன பூச்சி"ன்னு கேட்டா பாதி நேரம் யாராலயும் சொல்ல முடியாது. இந்த வரிசைல எடுங்க:

முதல் போட்டோ தூரத்துலேர்ந்து, செடியோட. பயந்து ஓடிட்டா இதாவது மிஞ்சும்.

ரெண்டாவது நேர் மேலேர்ந்து, முதுகு முழுசா தெரியற மாதிரி. பொறிவண்டா இருந்தா தலைக்கு பின்னாடி கழுத்து மாதிரி இருக்கற பட்டைல என்ன டிசைன் இருக்குன்னு தெரியணும், புள்ளிய எண்றத விட அது முக்கியம். ஏன்னா ஒரே இனத்துலயே புள்ளி கூடும் குறையும்.

மூணாவது பக்கவாட்டுல, கால் எத்தனை, வாய் எப்படின்னு தெரியற மாதிரி. வாயால குத்தி உறிஞ்சற நாவாய்ப்பூச்சி வகைக்கு இது இல்லன்னா வேலைக்கே ஆகாது, அந்த ஊசி மாதிரி வாயத்தான் பாக்கணும். தட்டானுக்கும் நெஞ்சோட பக்கவாட்டுக் கோடும் வால் நுனியும் கேப்பாங்க.

நாலாவது முகம். ஈயா தேனீயான்னு ஒரே நொடில முடிவாயிடும்.

அஞ்சாவது, எல்லாத்தையும் விட எனக்கு ரொம்ப உதவினது, அது என்ன தின்னுட்டிருந்துச்சுங்கறது. வாய்ல அசுவினி இருக்கற மாதிரி ஒரு போட்டோ கெடச்சா நண்பனா எதிரியாங்கற கேள்வியே முடிஞ்சுது. போட்டோ வரலன்னா 20 செகண்ட் வீடியோ எடுங்க, அதுலேர்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கலாம்.

போகஸ் பத்தி: கிளிப் லென்ஸ் போட்டா குறிப்பிட்ட ஒரு தூரத்துலதான் தெளிவா தெரியும், அதனால ஸ்கிரீன தொட்டு அழுத்தி போகஸ லாக் பண்ணிட்டு போனையே முன்னும் பின்னும் மெதுவா நகத்துங்க, நகத்தும்போதே பட்டன அழுத்தி வச்சு தொடர்ச்சியா 15, 20 எடுங்க, அதுல ரெண்டு நல்லா வரும், மீதிய அன்னிக்கே அழிச்சிடுங்க, இல்லன்னா ஒரு மாசத்துல போன் ரொம்பிடும். முழங்கைய தொட்டி விளிம்புல ஊணிக்கோங்க. முடிஞ்சா கடைசியா ஒரு போட்டோல பக்கத்துல ஸ்கேல வைங்க.

பூச்சி அசையாம இருக்கணும்னு பிரிட்ஜ்ல வைக்கறது, காலைப் புடிச்சு வைக்கறது இதெல்லாம் பண்ணாதீங்க. காலைல சீக்கிரம் எழுந்தா அதுக்கு தேவையே வராது.

5. ஆள்மாறாட்டம்: இங்கதான் தப்பு நடக்கும்

வளர்ந்த பொறிவண்ட எல்லாருக்கும் தெரியும். அதோட புள்ளய யாருக்கும் தெரியாது. நம்ம தோட்டத்துல அதிகமா சாகறது இந்த குட்டிங்கதான், ஏன்னா பாத்தா "புழு"ன்னு தோணும்.

பொறிவண்டுப் புழு: கருப்பா நீளமா, ஆறு காலோட, குட்டி முதலை மாதிரி இருக்கும். மேல ஆரஞ்சு திட்டோ வெள்ளைத் திட்டோ இருக்கும். வேகமா ஓடும். அசுவினி கூட்டத்துக்குள்ள நடந்து ஒண்ணொண்ணா திங்கும்.

ஆனா பொறிவண்டுலயும் ஒரு கெட்டது இருக்கு. கத்தரில வர்ற எபிலாக்னா வண்டு, அது இலை தின்னி. அடையாளம் சுலபம்தான். நல்ல பொறிவண்டு எண்ணெய் தடவின மாதிரி மின்னும், எபிலாக்னா மின்னாது, நெருங்கி எடுத்த போட்டோல உடம்பு மேல பூனைமுடி மாதிரி தெரியும், 12 இல்லன்னா 28 புள்ளி இருக்கும். அதோட புழு மஞ்சளா, மேலெல்லாம் கிளைகிளையா முள்ளு. இலையோட பச்சைய சுரண்டித் தின்னு வலை மாதிரி ஆக்கிடும். புழு மஞ்சளா முள்ளோட இருந்து இலையும் வலையா இருந்தா சந்தேகமே வேண்டாம்.

மாவுப்பூச்சிக்கு நடுவுல இருக்கற வெள்ளைப் புழு: நான் கொன்னேனே, அதுதான். மாவுப்பூச்சி வளர்ந்தாலும் 4 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் வரும், இது 1 சென்டிமீட்டருக்கு மேல போகும். மேல இருக்கற மெழுகு நூல் நீளமா கலைஞ்ச மாதிரி இருக்கும். குச்சியால லேசா தொட்டா நல்லா சுறுசுறுப்பா நடக்கும். திருப்பிப் பாத்தா ஆறு காலும் கடிக்கற வாயும் தெரியும். ஸ்கேல் வச்ச ஒரு போட்டோ எடுத்திருந்தா எனக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்கும். இதே எடத்துல இன்னொரு ஆச்சரியமும் இருக்கு, ஸ்பால்கிஸ்னு ஒரு பட்டாம்பூச்சி, அதோட புழுவும் மாவுப்பூச்சியத்தான் திங்கும், மேல வெள்ளை மாவ பூசிக்கிட்டு ஒளிஞ்சிருக்கும். அது கூட்டுப்புழு ஆனதும் குரங்கு மூஞ்சி மாதிரியே இருக்கும், கெடச்சா அவசியம் போட்டோ எடுங்க.

காலே இல்லாத பச்சைப் புழு: அசுவினிக்கு நடுவுல அட்டை மாதிரி, கண்ணாடி போல உள்ள இருக்கறது தெரியற ஒரு புழு, தலைப்பக்கம் கூம்பி இருக்கும். இது சிர்பிட் ஈயோட புழு. வளர்ந்த ஈ மஞ்சள் கருப்பு பட்டையோட தேனீ மாதிரியே இருக்கும், காத்துல ஒரே எடத்துல நிக்கும். ரெண்டு இறக்கைதான், பெரிய கண்ணு, உணர்கொம்பு ரொம்ப குட்டை. தேனீக்கு நாலு இறக்கை.

முடி நுனில முட்ட: இலைக்கு அடில மெல்லிசா முடி மாதிரி காம்பு, நுனில குட்டியா ஒரு உருண்டை. பூஞ்சை வந்துடுச்சுன்னு இலைய கிள்ளிப் போட்டவங்கள எனக்கே தெரியும். அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியோட முட்ட. மூணு நாலு நாள்ல பொரிஞ்சு வர்ற புழுவுக்கு ரெண்டு அரிவாள் மாதிரி தாடை இருக்கும். சில வகை தான் தின்ன பூச்சியோட தோலு, தூசி, பஞ்சு எல்லாத்தையும் முதுகுல சுமந்துட்டே திரியும். குப்பை நடக்குதேன்னு பாத்தீங்கன்னா உடனே கேமராவ எடுங்க.

செவப்பு நாவாய்ப்பூச்சிங்க: வெண்டைலயும் செம்பருத்திலயும் கூட்டமா செவப்பா கருப்பு பொட்டோட இருக்கறது பருத்தியில வர்ற செவப்பு நாவாய்ப்பூச்சி, சாறு உறிஞ்சி. இதே நிறத்துல தனியா ஒத்தையா, தலை ஒடுங்கி கழுத்து மாதிரி நீண்டு இருந்தா அது ரைனோகோரிஸ், கொலைகார நாவாய். பக்கவாட்டு போட்டோல பாருங்க, இதோட ஊசி குட்டையா வளைஞ்சிருக்கும். காய்ப்புழுவ குத்தி தூக்கிட்டு நிக்கறத நான் பாத்திருக்கேன். கையில புடிக்காதீங்க, கடிச்சா நல்லா வலிக்கும்.

கும்பிடுபூச்சி: குஞ்சு சின்னதுல எறும்பு மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க. தொட்டி விளிம்புலயும் செவத்துலயும் காஞ்ச நுரை மாதிரி பழுப்பா ஒட்டியிருந்தா அது முட்டைக்கூடு, சுரண்டாதீங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, கும்பிடுபூச்சி ஆள் பாத்து வேட்டையாடாது, தேனீயையும் பட்டாம்பூச்சியையும் சேத்துத்தான் திங்கும்.

தட்டானும் ஊசித்தட்டானும்: உக்காரும்போது இறக்கைய விரிச்சு வச்சா தட்டான், பெரும்பாலும் முதுகு மேல மடிச்சு வச்சா ஊசித்தட்டான். ரெண்டும் கொசுவ திங்கும்.

சிலந்தி பூச்சியே இல்ல, எட்டு கால். ஆனா செய்யற வேல அதேதான். முகத்த நேரா எடுங்க, கண்ணு எப்படி அடுக்கி இருக்குன்னு பாத்துதான் எந்தக் குடும்பம்னு (பல இனங்கள் சேந்த பெரிய பிரிவு) சொல்வாங்க.

கைய வைக்கக் கூடாத ரெண்டு: ராத்திரி லைட்டுக்கு வர்ற, எறும்பு மாதிரி ஒல்லியா ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி இருக்கற பெடரஸ் வண்டு. அதுவும் வேட்டைப் பூச்சிதான், ஆனா தோல்ல நசுங்கினா ரெண்டு நாள்ல கொப்புளம் போடும். இன்னொண்ணு வெண்டைப் பூவ திங்கற, கருப்புல ஆரஞ்சு பட்டை போட்ட கொப்புள வண்டு. ரெண்டையும் தூர இருந்தே போட்டோ எடுங்க.

6. பேரைக் கண்டுபிடிக்கறது

முதல்ல சீக் (Seek)னு, போட்டோவ பாத்து பேர் சொல்ற ஆப் இருக்கு, அதுல காட்டுங்க. இலவசம், கணக்கு ஆரம்பிக்கத் தேவையில்ல, கொழந்தைங்க கிட்டயும் குடுக்கலாம். அது குடும்பம் வரைக்கும் சொன்னாலே போதும். அப்புறம் ஐநேச்சுரலிஸ்ட்ல (iNaturalist, நாம ஏத்தற போட்டோவ பாத்து மத்தவங்க பேர் சொல்ற தளம்) கணக்கு ஆரம்பிச்சு ஏத்துங்க, அதுவும் இலவசம்தான். அதுக்கு தேவையான ஆவணம்னு பாத்தா மூணே மூணு: போட்டோ, தேதி, எடம். இந்த மூணும் இல்லன்னா பதிவு மேல நகராது. குறைஞ்சது ரெண்டு பேர் ஒரே பேர சொல்லி ஒத்துப்போனாதான் ஆராய்ச்சித் தரம்னு மாறும்.

இங்க நான் மாட்டின எடங்கள சொல்றேன்.

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பின போட்டோவ ஏத்தாதீங்க. அதுல தேதியும் எடமும் அழிஞ்சு போயிடும், தரமும் குறைஞ்சுடும். இன்னொருத்தர் போன்லேர்ந்து வாங்கறதா இருந்தா டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க.

உங்க வீட்டு எடம் வெளிய தெரியும். ஏத்தும்போது எடத்துக்கான அமைப்புல "மறைச்சு காட்டு"ங்கற மாதிரி ஒரு தேர்வு இருக்கும், அத போட்டா சரியான புள்ளிக்கு பதிலா பெரிய ஒரு சதுரமா மட்டும்தான் காட்டும். நான் முதல் 40 பதிவு இது தெரியாமயே போட்டுட்டேன், அப்புறம் ஒவ்வொண்ணா போய் மாத்தினேன். பெண்கள், தனியா இருக்கறவங்க முதல் நாளே இத பண்ணிடுங்க.

ஒரு பூச்சியோட அஞ்சு போட்டோவும் ஒரே பதிவுல போகணும், அஞ்சு பதிவா போடாதீங்க. அதே மாதிரி ரெண்டு வேற பூச்சிய ஒரே பதிவுல போடாதீங்க.

ஆப் சொல்ற முதல் பேர அப்படியே நம்பாதீங்க. அமெரிக்காலயும் ஐரோப்பாலயும் இருக்கற இனத்தோட பேர் மேல வந்து நிக்கும், ஏன்னா அங்கேர்ந்து போட்டோ அதிகம். "பக்கத்துல இருக்க வாய்ப்பிருக்கு"ங்கற மாதிரி குறிச்சிருக்கறத மட்டும் எடுங்க. கூகுள் லென்ஸுக்கும் இதே எச்சரிக்கை.

பேர் மாறி மாறி வரும். அலைஅலையா கோடு போட்ட பொறிவண்டு நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணம், அத சில எடத்துல மெனோகைலஸ்னும் சில எடத்துல கைலோமெனஸ்னும் போட்டிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான். நான் ரெண்டு வண்டுன்னு நெனச்சு ஒரு வாரம் வித்தியாசம் தேடிட்டிருந்தேன்.

எவ்ளோ நாள் ஆகும்? தட்டான் போட்டா அன்னிக்கே யாராவது சொல்லிடுவாங்க. சின்ன ஈ, குளவின்னா மாசக்கணக்கு ஆகும், சிலதுக்கு வராமலே போகும். நெறைய பூச்சிய போட்டோவ மட்டும் பாத்து இனம் வரைக்கும் சொல்லவே முடியாது, அது உங்க தப்பு இல்ல. மருந்தடிக்கணுமா வேண்டாமான்னு முடிவெடுக்க குடும்பம் தெரிஞ்சாலே போதும்.

ஒப்பிட்டு பாக்க, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேளாண் இணையதளத்துல தமிழ்லயே பயிர் வாரியா பூச்சி படமும் இயற்கை எதிரிகள் படமும் இருக்கு. பெங்களூர்ல இருக்கற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்தோட தளத்துல படம் இன்னும் தெளிவா இருக்கும், ஆனா இங்கிலீஷ்ல. கோயம்புத்தூர் பக்கம் போனா பல்கலைக்கழகத்துல பூச்சி அருங்காட்சியகமே இருக்கு, கொழந்தைங்கள கூட்டிட்டு போங்க.

7. நோட்டு எழுதுங்க

தேதி, நேரம், செடி, என்ன தின்னுச்சு, போட்டோ நம்பர். ஒரு வரி போதும். ரெண்டு மாசம் எழுதினா உங்க மாடில அசுவினி வந்து எத்தன நாள் கழிச்சு பொறிவண்டு வருதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். எங்க மாடில அது 9 நாள். அந்த 9 நாளும் தண்ணிய பீச்சி அடிச்சு சமாளிக்கறேன், வேற எதுவும் தெளிக்கறதில்ல. வேப்பெண்ணெயோ சோப்புக் கரைசலோ, இயற்கை மருந்துதானேன்னு நெனச்சு அடிச்சா மெல்லுடம்பு புழுங்க எல்லாமே சேந்து சாகும், நல்லது கெட்டதுன்னு அதுக்கு தெரியாது. மஞ்சள் ஒட்டும் அட்டையும் அப்படித்தான், வாரம் ஒரு தடவ அந்த அட்டைய கூட போட்டோ எடுத்து பாருங்க, சிர்பிட் ஈ நெறைய ஒட்டியிருந்தா அட்டைய எடுத்துடுங்க.

8. சந்தேகம் தீரலன்னா டப்பால வளத்து பாருங்க

எந்த ஆப்பும் பேர் சொல்லாத புழுவுக்கு இதுதான் வழி. அசுவினியோ மாவுப்பூச்சியோ அப்பின ஒரு நுனிக் கிளைய வெட்டி, காம்புல ஈரப்பஞ்ச சுத்தி டப்பால வச்சு, அதுல ஒரே ஒரு புழுவ விடுங்க. ரெண்டு விடாதீங்க, ஒண்ண ஒண்ணு தின்னுடும். மூடில ஊசியால சின்னச் சின்ன ஓட்ட போடுங்க, வெயில் படாத எடத்துல வைங்க. தெனமும் காலைல கிளைய மாத்தி புது அசுவினி குடுங்க, கூடவே ஒரு போட்டோ. இலைய தொடாம அசுவினிய மட்டும் தின்னுச்சுன்னா அது நண்பன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். இலைய கடிச்சிருந்தா அதுவும் தெரிஞ்சுடும்.

பொறிவண்டா இருந்தா கொஞ்ச நாள்ல அசையாம வாலால ஒட்டிக்கிட்டு கூட்டுப்புழுவாகும், செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு வாரத்துக்குள்ள வண்டு வெளிய வந்துடும். வந்த உடனே வெளிர் மஞ்சளா, புள்ளியே இல்லாம இருக்கும், அத போட்டோ எடுத்து பேர் தேடினா தப்பாத்தான் வரும். கலர் ஏற நேரம் குடுத்து மறுநாள் எடுங்க. எடுத்து முடிச்சதும் அன்னிக்கு சாயந்தரமே, வெயில் இறங்கினப்புறம், அசுவினி இருக்கற செடியோட நடுக்கிளைல டப்பாவ சாய்ச்சு தெறந்து வச்சுடுங்க, தானா ஏறிப் போயிடும்.